இரும்பு தாங்கும் இறக்கம்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் 325 மீட்டரில் கிடக்கிறது. இடையிலுள்ள 1,900 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தை, குன்னூர் வழியே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் சாலையில் ஒரு மகிழுந்து இறங்கிக் கழிக்கிறது. ஆட்களும் மூட்டைகளுமாக அதன் நிறை 1,500 கிலோ என்று கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 28 மெகா ஜூல் வருகிறது. மின்கட்டணக் கணக்கில் ஏறக்குறைய எட்டு யூனிட். இது முழுவதும் வெப்பமானால், எண்பது லிட்டருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஏறும்போது எஞ்சின் எரிபொருளை எரித்து வண்டிக்குள் ஏற்றி வைத்த ஆற்றல் இது. இறங்கும்போது இது எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

எங்கே போகிறது? டயர்கள் உருளும் தடையும் காற்றின் தடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கின்றன. எஞ்சியதை எஞ்சினிடம் ஒப்படைக்கலாம், அல்லது பிரேக்கிடம் ஒப்படைக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. எல்லாவற்றையும் பிரேக்கிடமே விட்டால் என்ன ஆகும்? பிரேக்கின் சுமையில் பெரும்பகுதியை முன் சக்கரங்களே தாங்குகின்றன. அவற்றோடு சுழலும் இரண்டு டிஸ்க் தகடுகளும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ வார்ப்பிரும்பு எனக் கொள்வோம். அந்த இரும்பை ஒரு பாகை சூடேற்ற ஐந்தரை கிலோ ஜூல் போதும். 19 மெகா ஜூலை அதற்குள் செலுத்தி, வெப்பம் வெளியேற விடாமல் அடைத்து வைத்தால், கணக்கு மூவாயிரம் பாகையைத் தாண்டிப் போய் நிற்கும். வார்ப்பிரும்போ 1,200 பாகைக்குள்ளேயே உருகிவிடும். நம் வண்டிகளின் டிஸ்க்குகள் உருகாமல் மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்கு, டிஸ்க்கின் நடுவே புகுந்து வெளியேறும் காற்றும், ஓட்டுநர் போட்ட இரண்டாம் கியருமே பொறுப்பு.

மலையில் பிரேக்கைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கை முன்னே வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் பெரும்பாலோர் பேச்சு ஓசையில்தான் தொடங்குகிறது. “பிரேக் கத்துது” என்பதே பட்டறைக்கு வரும் முதல் முறையீடு. ஓசை காதைத் துளைக்கிறது. அதனால் அச்சம் வருகிறது. என் கருத்தில் அந்த அச்சம் பாதி இடங்களில் வீண். கத்தும் பிரேக் பல நேரம் நன்றாகவே பிடிக்கும். மலையிறக்கத்தில் உயிரைப் பறிக்கும் கோளாறுகள் பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை.

முதலில் ஓசை பிறக்கும் இடத்தைப் பார்ப்போம். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு டிஸ்க். அதை இருபுறமும் நெருக்கிப் பிடிப்பவை பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகள். அவற்றைத் தாங்கி அழுத்தும் கவ்வி காலிபர். நாம் மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயில் வழியே அந்த அழுத்தம் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் டிஸ்க்கும் பேட்டும் முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணிய மேடுகளே ஒன்றையொன்று பற்றுகின்றன, பற்றியவை விடுபடுகின்றன, அடுத்த நொடிப்பகுதியில் வேறு மேடுகள் பற்றுகின்றன. வயலின் நரம்பின்மேல் வில் இழுபடும்போது நிகழ்வதும் இதுதான். டிஸ்க்குக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பேட்டுக்கும் காலிபருக்கும் அவ்வாறே உண்டு. இவற்றுள் இரண்டு நெருங்கி வந்து, ஒன்றின் அதிர்வை மற்றொன்று வளர்க்கத் தொடங்கினால் கீச்சொலி கிளம்புகிறது. நொடிக்கு ஆயிரம் முதல் பதினாறாயிரம் அதிர்வு வரை இவ்வொலி அமையலாம். மனிதச் செவி மிகக் கூர்மையாக இருப்பது இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில். கீச்சொலியின் நடுப்பகுதி சரியாக அங்கேதான் விழுகிறது. டிஸ்க்கின் அசைவு சில மைக்ரோமீட்டர் அளவே. ஒலியாகச் சிதறும் ஆற்றல், வெப்பமாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

டிஸ்க் பிரேக் பிறந்தபோதே கத்திக்கொண்டுதான் பிறந்தது. 1902-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் டிஸ்க்கைப் பிடிக்க வைத்தது செம்பு. உலோகத்தின்மேல் உலோகம் உரசியதால் எழுந்த கிறீச்சொலியைத் தெருவில் எவராலும் பொறுக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டு அதற்குத் தீர்வு கண்டார். இந்த ஃப்ரூட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய காலணியைச் சக்கரத்தில் அழுத்தி விரைவைக் குறைத்ததைக் கண்டு, நல்ல உராய்வுக் கட்டை செய்யும் எண்ணம் அவருக்கு உதித்ததாம். கதை எவ்வளவு மெய்யோ, மலைநாட்டுத் தேவையில் இத்தொழில் முளைத்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1953-இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகே உலகம் அதை மதித்தது. தமிழகத்திலும் இத்தொழில் காலூன்றி நெடுங்காலமாகிறது. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964-இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் தோன்றின. முன்பு உராய்வுப் பொருளில் கலந்த அந்தக் கல்நாரின் தூள் நுரையீரலுக்குக் கொடிய கேடு. ஆகவே பழைய வண்டியின் டிரம் பிரேக்கைத் திறக்கும்போது, உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இனி ஓசைகளை வகை பிரித்துக் கேட்போம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால், முதல் இரண்டு மூன்று அழுத்தங்களில் சொரசொரவென்று ஓர் ஒலி கேட்கும், பிறகு மறைந்துவிடும். இது துருவின் ஒலி. டிஸ்க்கின் உராயும் முகத்துக்குப் பூச்சு கிடையாது. பூசினால் முதல் அழுத்தத்திலேயே தேய்ந்துவிடும். பனிப்புகையின் ஈரம் படிந்த வெற்று வார்ப்பிரும்பு ஓர் இரவிலேயே செம்மண் நிறம் கொள்கிறது. பேட் அதைச் சுரண்டி எடுத்ததும் ஒலி நின்றுவிடுகிறது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் முறைவைத்துப் பொழிவதால், நீலகிரியில் இந்த ஒலி ஏதேனும் ஓர் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்காகப் பட்டறைக்குப் போவது வீண் செலவு.

மெதுவாகச் செல்லும்போது, மிதியை லேசாகத் தொட்டால் மட்டும் எழும் கூரிய கீச்சொலி வேறு வகை. பேட்டின் முகம் மிகையான சூட்டில் கெட்டிப்பட்டுக் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கியிருக்கலாம். பேட்டின் பின்புறம் அதிர்வை அடக்க வைக்கும் மெல்லிய தகட்டை முன்பு கைவைத்தவர் திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கலாம். பேட் சறுக்கி நகரும் காலிபரின் தடங்களில் மசகு வறண்டிருக்கலாம். மூன்றும் பணிமனையில் எளிதில் சரிசெய்யத்தக்கவை. விலை மலிவான பேட் போட்டதும் இவ்வொலி தொடங்கினால், பேட்டை மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

மிதியைத் தொடாதபோதும் சக்கரத்தோடு சேர்ந்து மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்டு, அழுத்தும்போது அது மாறினாலோ மறைந்தாலோ, கவனிக்க வேண்டும். பல பேட்களில் ஒரு சிறு எஃகு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். உராய்வுப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுச் சுரண்டும். பேட்டின் ஆயுள் முடிந்ததென்று அதைச் செய்தவரே வைத்துவிட்ட அறிவிப்பு அது. இதையும் கேளாமல் ஓட்டினால் அடுத்து வருவது கரகரவென அரைக்கும் ஒலி. அப்போது காலடியிலும் அந்த அரைப்பு தெரியும். உராய்வுப் பொருள் முற்றும் தீர்ந்து, பேட்டின் முதுகெலும்பான எஃகுத் தகடு டிஸ்க்கை உழுகிறது என்று பொருள். அந்த வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். மலையில் அதற்குமேல் ஒரு வளைவுகூட இறக்கக் கூடாது.

தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பச்சைத் தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மண்பாதையில் இறங்கும் பிக்கப்களில், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கிக்கொள்ளும். வண்டியே உடைந்துவிட்டதோ என்று எண்ண வைக்கும் ஓலம் எழும். சற்றே பின்னுக்கு ஓட்டினால் சில நேரம் கல் தானே விழுந்துவிடும். மண்சேறு செய்யும் கேடு இதைவிட ஆழமானது. காலிபர் முன்னும் பின்னும் சறுக்குவதற்கென இரண்டு ஊசிகள் உள்ளன. சேறும் நீரும் புகுந்து அவை இறுகிவிட்டால், காலிபரின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். உட்புறப் பேட் காகிதம்போல் தேய்ந்திருக்க, வெளிப்புறப் பேட் புதிதுபோல் நிற்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு நல்ல பேட்டே தெரியும். இக்கோளாறு அமைதியாகவே நிகழும். கடைசியில் எஃகுத் தகடு உரசும்போதுதான் வாய் திறக்கும்.

அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கினால், “டிஸ்க் வளைந்துவிட்டது” என்பார்கள். பட்டறைகளில் இதைவிட அதிகம் புழங்கும் தீர்ப்பு வேறில்லை. பெரும்பாலும் அது பிழையான தீர்ப்பு. டிஸ்க் வளைவதைவிட, அதன் தடிப்பு சுற்றிலும் சீரற்றுப் போவதே நடுக்கத்துக்கு மூலம். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடே போதும். சூடேறிய பேட், நின்ற இடத்திலேயே டிஸ்க்கை இறுகப் பற்றிக்கொண்டிருந்தால், அதன் பொருள் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். நீண்ட இறக்கம் முடித்து, வழியிலுள்ள பர்லியாற்றுப் பழக்கடைகளின் முன் வண்டியை நிறுத்துகிறவர், மங்குஸ்தான் விலை பேசி முடியும்வரை காலை மிதியிலேயே வைத்திருந்தால் நிகழ்வது இதுதான். கைப்பிரேக்கும் கியரும் வண்டியைத் தாங்கும், காலை எடுத்துவிடலாம். கைப்பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களில்தான் பிடிக்கும்; அங்குச் சூடு குறைவு. புகையும் சக்கரத்தைக் கண்டு அஞ்சி, வாளித் தண்ணீரை ஊற்றுவாரும் உண்டு. சூடான வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும். நிழலில் நிறுத்தி அரைமணி நேரம் காற்றாட விடுவதே அதற்கு மருத்துவம்.

இப்போது டிஸ்க்கையே பார்ப்போம். எஃகைவிட இதற்குச் சாம்பல் வார்ப்பிரும்பையே ஏன் தேர்ந்தார்கள் என்பது சுவையான செய்தி. அந்த இரும்புக்குள் கரிமம் நுண்ணிய செதில்களாகச் சிதறிக் கிடக்கிறது. அச்செதில்கள் வெப்பத்தை விரைந்து கடத்துகின்றன. அதிர்வை உள்ளேயே விழுங்கி ஒலியைத் தணிக்கின்றன. வலிமையில் எஃகுக்குத் தோற்றாலும், இவ்விரு பண்புகளால் அது இவ்விடத்தைக் கைப்பற்றியது. ஆனால் 700 பாகைக்கு மேல் சூடேறிக் குளிர்ந்த இடங்களில் அதன் உள்ளமைப்பு மாறி, கடினமான புள்ளிகள் உண்டாகிவிடும். சுற்றியுள்ள இரும்பு தேயும். இப்புள்ளிகள் தேய மாட்டா. மேடுகளாக எழுந்து நின்று, மேலும் சூடாகி, மேலும் விரியும். டிஸ்க்கின் முகத்தில் நீலக்கறைகள் தெரிந்தால் அது எவ்வளவு சூட்டைக் கண்டது என்பதற்குச் சான்று.

டிஸ்க்கைச் சோதிக்கச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியோடு வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டும் வைத்த பிறகே கைவைக்க வேண்டும். நீலகிரியில் சமதளம் தேடுவதே ஒரு வேலைதான். அதற்காகச் சரிவில் ஜாக்கி போடுவது தற்கொலைக்கு ஒப்பு. சக்கரம் கழன்றதும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பில் பேட் தொடாத ஓரம் மெல்லிய வரம்புபோல் உயர்ந்து நிற்கும். விரல் நகத்தை உள்முகத்திலிருந்து வெளியே இழுத்தால் அந்த வரம்பில் தட்டும். தேய்ந்த அளவை அவ்வரம்பே சொல்லிவிடும். முகத்தில் வட்டமான கோடுகள் இருப்பது இயல்பு. நகம் ஆழமாக இறங்கினால் இயல்பன்று. மயிரிழை விரிசல்கள் சில பொறுக்கத்தக்கவை. ஆனால் விரிசல் டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தொட்டுவிட்டால், அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது. பின்முகத்தையும் பார்க்க மறக்கக் கூடாது. ஈர நாட்டில் துரு தின்பதும், இறுகிய காலிபர் அரைப்பதும் பெரும்பாலும் கண்ணுக்கு மறைவான அப்பக்கத்தைத்தான்.

பிறகு அளவு. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்குவளையிலோ குறைந்தபட்சத் தடிப்பு எழுத்தாகவே வார்க்கப்பட்டிருக்கும். புதிதாக 22 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு டிஸ்க்குக்கு அது 20 என்றிருக்கலாம். இதை வெர்னியர் அளவியால் அளப்போர் ஏமாறுவர். அதன் தாடைகள் தேயாத வரம்பின்மேல் உட்கார்ந்து, தடிப்பை மிகையாகக் காட்டும். பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் சுழற்றிய திருகு அளவியே இதற்குத் தக்க கருவி. விளிம்பிலிருந்து ஒரு செண்டிமீட்டர் உள்ளே, வட்டத்தைச் சுற்றி ஆறு எட்டு இடங்களில் அளக்க வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த எண்ணே தீர்ப்பெண். எண்கள் தமக்குள் வேறுபட்டால் நடுக்கத்தின் மூலம் அங்கே இருக்கிறது. டிஸ்க் நெளிந்து சுழல்கிறதா என்பதை டயல் கேஜ் காட்டும். பல வண்டிகளுக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்குவரை அதற்கு எல்லை. ஆனால் டிஸ்க்கைக் குறைகூறும் முன் அதைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். அங்கே படிந்த துருச்செதில் ஒன்று, விளிம்பில் பன்மடங்காகப் பெருகி நெளிவாகத் தோன்றும். புது டிஸ்க் போட்டும் நடுக்கம் போகவில்லை என்ற புலம்பலுக்கு விடை பல நேரம் அந்தச் செதிலில்தான் இருக்கிறது.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சமவெளியில் அது பெரிதாக உறைக்காது. மலையில் நிலை வேறு. நடுவே காற்றோட்டப் பள்ளங்கள் கொண்ட 22 மில்லிமீட்டர் டிஸ்க்கில், பள்ளம் எட்டு மில்லிமீட்டர் என்றால் மெய்யான இரும்பு பதினான்கே. அதில் இரண்டு போய்விட்டால் ஏழில் ஒரு பங்கு இரும்பு போயிற்று. அதே வளைவு, அதே அழுத்தம், அதே வெப்பம்; வாங்கிக்கொள்ளும் இரும்பு மட்டும் குறைவு. ஆகவே அது விரைவாகவும் மிகையாகவும் சூடாகும். தடிப்பு என்பது டிஸ்க்கின் வலிமைக்கு மட்டுமன்றி, அது வெப்பத்தைக் கொள்ளும் கொள்ளளவுக்கும் அளவு. இந்தக் குறை ஒரு சிறு ஒலியைக்கூட எழுப்பாது. லேத்தில் கொடுத்துக் கடைந்துவிட்டால் முகம் பளபளக்கும், கீச்சொலியும் நிற்கும். ஆனால் எஞ்சியிருந்த இரும்பும் சீவலாகப் பட்டறைத் தரையில் கிடக்கும். கடைந்த பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் போதிய தடிப்பு நிற்குமென்றால் மட்டுமே கடையலாம். நீலகிரியில் ஓடும் வண்டிக்கு எல்லையை ஒட்டிய டிஸ்க்கைக் கடைந்து மாட்டுவதை நான் ஒப்ப மாட்டேன்.

ஓசையற்ற இடர்களில் இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பேட்டின் துகள்களைப் பிணைக்கும் பிசின், சூடு முந்நூறு பாகையைக் கடந்து ஏற ஏறச் சிதையத் தொடங்கும். அப்போது கிளம்பும் வளி பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெத்தையிட்டு உராய்வைக் குறைக்கும். மிதி கல்போல் உறுதியாக இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. மற்றொன்று பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 ஆகத் தாழலாம். டாட் 4 வகைக்கு 230-உம் 155-உம். நீலகிரியின் மழையும் பனிப்புகையும் இந்தத் தாழ்ச்சியை விரைவுபடுத்துவனவே. காலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி தரைவரை போகும். குமிழிதான் நசுங்கும், பிஸ்டன் நகராது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கூட, சில நூறு ரூபாய் ஆயிலை வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாமல் வைத்திருப்பதைக் காணலாம்.

உயரம் தானே செய்யும் ஒரு வேலையும் உண்டு. மிதியை மெதுவாக அழுத்தினாலும் வண்டி நிற்பது, பூஸ்டர் என்னும் உறுப்பின் உதவியால். எஞ்சின் உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம் ஒருபுறமும் வெளிக்காற்றின் அழுத்தம் மறுபுறமும் இருக்க, அவற்றின் வேறுபாடே நம் காலுக்குத் துணைவலு. உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. ஆகவே பூஸ்டர் தரக்கூடிய உச்ச உதவியும் அவ்வளவே. சென்னையிலிருந்து வந்தவர் உதகையில் அவசரமாக அழுத்தும்போது மிதி சற்று முரண்டுவதாக உணர்வது மாயமன்று. இந்நிலையில் எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டுவோரை என்னென்பது! எஞ்சின் நின்றால் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தங்களில் தீரும். பிறகு முழு வலுவையும் காலே கொடுக்க வேண்டும். நியூட்ரலில் இறங்குவதும் அறியாமையே. இன்றைய எரிபொருள் தெளிப்பு எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை உயிரோடு வைக்கச் சிறிது எரியும்.

கொண்டை ஊசி வளைவுகள் முப்பத்தாறு கொண்ட கல்லட்டிப் பாதையில், உதகையிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் வெளியூர் வண்டிகளைத் தலைகுந்தாவில் மறித்துத் திருப்பி அனுப்புவது, தொடர்ந்து நேர்ந்த விபத்துகளால் வந்த கட்டுப்பாடு. முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் சரிவு அது. டிஎன் 43 என்று பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளின் பிரேக் வேறு இரும்பால் ஆனதன்று. அவற்றை ஓட்டுவோர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துகிறார்கள். வெளியூரார் மிதியின்மேல் கால் வைத்தபடியே இறங்குகிறார்கள். அழுத்தி விடும் இடைவெளியில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கிறது. தொடர்ந்து தேய்க்கும்போது கிடைப்பதில்லை. தானியங்கிக் கியர் வண்டிகளைக் கொண்டுவருவோர் அதிகமாகிவிட்ட இக்காலத்தில், கியர்க் கைப்பிடியில் ‘எல்’ என்றோ கழித்தல் குறியாகவோ ஒரு நிலை இருப்பதைப் பலர் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை கவனிப்பதேயில்லை. கோடைப் பருவத்தில் குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறங்க வேண்டும் என்று ஒருவழியாக்கிவிடும்போது, கோத்தகிரிச் சாலை நெடுக எரிந்த பேட்டின் நெடியை மூக்கே அளந்துவிடும்.

இந்த மலையில் வெப்பத்தை எங்கே கொட்டுவது என்னும் வினாவுக்கு மிக நேர்த்தியான விடை கண்டவர்கள் தொடர்வண்டிக்காரர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இலும், உதகைவரை 1908-இலும் திறக்கப்பட்ட நீலகிரி மலை இருப்புப்பாதையில், கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மையத்தில் பல்சட்டம் ஓடுகிறது. சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் அளவை நெருங்கும். எக்ஸ் வகை நீராவி எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறமே நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கைப்பிரேக்கோடு ஓர் ஆள் நிற்பார். ஆனால் இறக்கத்தின் முதன்மைச் சுமை அக்கட்டைகளின்மேல் விழுவதில்லை. எஞ்சினின் உருளைகளின் இயக்கத்தையே தலைகீழாக்கிக் காற்றழுத்தும் எந்திரமாக ஓட்டுகிறார்கள். வண்டி இறங்கும் ஆற்றல் காற்றை அழுத்துவதில் செலவாகிறது. அழுத்தப்பட்ட காற்று மிகையாகச் சூடாகாதபடி உருளைக்குள் சிறிது நீர் விடப்படுகிறது. அது ஆவியாகி வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது. பிரேக்குக்கென உராயும் கட்டை இதில் இல்லாததால் தேய்மானமும் மிகக் குறைவு. இரண்டாம் கியரில் இறங்கும் மகிழுந்தும் இதன் எளிய வடிவத்தைத்தான் செய்கிறது. மூடிய வாயிலின் வழியே காற்றை இழுக்க எஞ்சின் படும் பாடு வெப்பமாகி, ரேடியேட்டர் வழியும் புகைக்குழாய் வழியும் போய்விடுகிறது.

மின்வண்டிகள் வந்தபின் கணக்கு இன்னொரு திசையில் திரும்பியிருக்கிறது. அவற்றின் மோட்டார் இறக்கத்தில் மின்னாக்கியாக மாறி, நாம் முதலில் கணக்கிட்ட எட்டு யூனிட்டில் ஒரு நல்ல பங்கை மின்கலத்துக்கே திருப்பித் தருகிறது. ஆனால் உதகை விடுதியில் இரவெல்லாம் மின்னேற்றி, நூறு விழுக்காடு நிரம்பிய மின்கலத்தோடு காலையில் புறப்பட்டால், அந்த மின்சாரத்தை வாங்க அதில் இடமிருக்காது. மலையின் முதல் பகுதி முழுவதும் டிஸ்க்கின் தலையிலேயே விழும். இறங்கப் போகிறவர் எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாள்தோறும் மோட்டாரே வண்டியை நிறுத்துவதால் இவ்வகை வண்டிகளின் டிஸ்க்குகளுக்கு வேலை குறைவு. குன்னூர் ஈரத்தில் வேலையற்ற வார்ப்பிரும்பு மேலோட்டமான துருவோடு நிற்பதில்லை, குழிகுழியாக அரிக்கப்படுகிறது. அளவியில் தடிப்பு புதிது போலவே காட்டும். முகம் மட்டும் அம்மை வடுப்பட்டுக் கிடக்கும். பிரேக் பிடித்தால் சொரசொரக்கும். வாரம் ஓரிரு முறை, பின்னால் வண்டி வராத நேரான சாலையில், மோட்டாரின் மின்மீட்பைக் குறைத்து வைத்துவிட்டு, பிரேக்கை நன்றாகவே நாலைந்து முறை அழுத்தி டிஸ்க்கைத் துடைத்துவிடுவது அவற்றுக்குத் தேவையான பராமரிப்பு.